நான்காவது படம்

இதில் யாருடைய பெயரும் வராது. ஒருகாலத்தில் எந்தப் படிவத்தைக் கண்டாலும் பேனையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நின்றவன் நான். இப்போது கட்டத்துக்குள் பெயர் எழுதச் சொன்னால் கை கூசுகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினால் வந்த வினை அது.

சத்தம் முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது. எஞ்சினின் அடியிலிருந்து, யாரோ உள்ளே இருந்துகொண்டு விரல் மொளியால் தட்டுவது போல. டொக், டொக், டொக். பச்சை விழுந்து கைப்பிடியை முறுக்கினால் தட்டல் வேகமாகும். விட்டால் மெதுவாகும். நிற்காது. தட்டும் சத்தத்தை நல்ல சகுனமாக எடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. அன்று முழுவதும் மருத்துவமனைச் சமையலறையில் நின்று சட்டி கழுவும்போதும் எனக்கு அதுதான் கேட்டது.

பைக் புதிதாக வாங்கியது. இரண்டு வருட வாரண்டியில் இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. ஆகவே நான் பயப்படவில்லை. என்னிடம் ஃபைல் இருந்தது.

ஃபைலைப் பற்றிச் சொல்லவேண்டும். லண்டனுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு ஏறி இறங்கிய காலத்தில், என் வழக்கறிஞர் எனக்கு இரண்டு புத்தி சொன்னார். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே. ஒரு துண்டையும் எறியாதே. இந்த இரண்டாலும்தான் எனக்கு விசா கிடைத்தது என்று நான் நம்பினேன். விசா கிடைத்து, பிள்ளைகள் பிறந்து, மனோர் பார்க்கில் வீடும் வாங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. மின்சார பில்லிலிருந்து பல் பிடுங்கிய துண்டு வரை எல்லாம் ஃபைலில் கிடக்கும். ‘உங்கட இரண்டாந்தாரம்’ என்று மனைவி அதைச் சொல்லுவாள்.

பைக்கின் முதலாவது சேர்விஸை வாங்கிய டீலரிடமே செய்தேன். இரண்டாவதுக்கு அவர்களிடம் ஒரு மாதம் காத்திருக்கவேண்டும் என்றார்கள். வாரண்டிப் புத்தகத்தை ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்தேன். கம்பனி சொன்ன எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும் போட்டு, சொன்ன நேரத்தில் செய்தால் யாரும் செய்யலாம் என்று இருந்தது. நான் வால்தம்ஸ்டோவுக்குப் போனேன்.

அங்கே ரயில் பாலத்தின் கீழ் எங்கள் ஆள் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். முன்பக்கம் கார்கள், பின்மூலையில் மோட்டார் சைக்கிள்கள். பின்மூலை ஒருவருடைய ராச்சியம். மெலிந்த மனிதர், பேச்சுக் குறைவு, கை சுத்தம். என் பழைய பைக்கையும் அவர்தான் பார்த்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. கராஜில் மற்றவர்கள் கூப்பிடுவது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு செல்லப்பெயரை.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரிய வந்தது இப்படி. அந்தச் சேர்விஸுக்கு ஒரு வருடம் முன்னால், ஒருநாள் வேலை முடிந்து கையைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அண்ணை, இதிலை கடைசியா என்ன சொல்லுறாங்கள்? இஞ்சை ஒருத்தருக்கும் நான் காட்டேல்லை.”

வாசித்தேன். அவருடைய வழக்கறிஞர் எழுதியது. மேன்முறையீடு எல்லாம் முடிந்துவிட்டது, இனி இந்த நாட்டில் இருக்கவோ வேலை செய்யவோ அனுமதி இல்லை, எந்த நேரமும் பிடித்து அனுப்பலாம். கடிதத்தின் தலைப்பில் அவருடைய பெயரும் தகப்பனுடைய பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் சரி என்று கடிதத்தை மடித்தார். இது என்னோடை இருக்கும் என்று நான் சொன்னேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று ஒருநாளும் சொல்ல எனக்கு வழியில்லை.

சத்தம் தொடங்கிய வாரம் பைக்கை டீலரிடம் கொண்டுபோனேன். கடை குரோய்டனில். வாடிக்கையாளர் இருக்கும் கதிரையில் இருந்தால் கண்ணாடிக்கு அப்பால் ட்ராம் போகும், அதற்கும் மேலால் கட்டடங்களுக்கு நடுவே அந்தப் பெரிய கட்டடத்தின் தலை தெரியும். நான் முதுகைக் காட்டி இருந்தேன். மேசையில் இருந்த பெண்பிள்ளை நல்ல மரியாதை. எஞ்சினை இயக்கிக் கேட்டாள், மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்பித்தாள். அவன் முகம் சுளித்தான். மூன்று நாளில் போன் வந்தது. உள்ளே பேரிங் தேய்ந்து சுழலும் தண்டையும் தின்றுவிட்டதாம். எஞ்சினையே மாற்றவேண்டும். கம்பனிதான் முடிவு சொல்லும், சேர்விஸ் ஆதாரங்களோடு வந்து படிவம் ஒன்றை நிரப்பித் தாருங்கள் என்றாள்.

ஃபைலோடு போனேன். படிவத்தில் எல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள். கடைசிக்கு முந்திய கட்டம், இரண்டாவது சேர்விஸைச் செய்தவரின் முழுப்பெயர். என்னிடமிருந்த பில்லில் கராஜின் முத்திரை மட்டும்தான். அது போதுமா என்று கேட்டேன். போதும், ஆனால் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், விஷயம் வேகமாக நடக்கும் என்றாள்.

எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை எழுதாமல் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழும்ப என்னால் முடியவில்லை. அந்தக் கடிதத்தின் தலைப்பைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, ஓர் எழுத்தும் பிழைக்காமல், தகப்பன் பெயரையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதியது நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்குக் கடித விஷயம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். என்னோடை இருக்கும் என்றது அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே, ஏன் அந்தாளின்ர பேரை எழுதினீங்கள் என்று கேட்டாள். இது ஒரு பைக் கம்பனி, அரசாங்கம் இல்லை என்று சினந்தேன்.

பத்து நாளில் ஈமெயில் வந்தது. ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று தொடங்கியது. இந்த நாட்டில் அப்படித் தொடங்கும் கடிதங்களை எல்லாம் ஒரே ஆள் ஓர் அறைக்குள் இருந்து எழுதுகிறான் என்பது என் நெடுநாள் சந்தேகம். கம்பனியின் பிரதிநிதி கராஜுக்குப் போன் எடுத்தாராம். அந்தப் பெயரில் அங்கே யாரும் வேலை செய்யவில்லை, செய்ததுமில்லை என்று முதலாளி சொன்னாராம். ஆகவே சேர்விஸ் நடந்ததை உறுதிப்படுத்த முடியவில்லை, கோரிக்கையை ஏற்க இயலாது.

முதலாளி பொய் சொல்லவில்லை. அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே யாருக்கும் தெரியாத பெயரை எழுதிக்கொடுத்தவன் நான். அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். பொய்யன் என்று நேரே சொன்னால் ஒரு மனிதன் சண்டை பிடிக்கலாம். இவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள், உறுதிப்படுத்த முடியவில்லை என்பார்கள். அந்தச் சொல்லை எனக்கு முன்பும் ஒருவர் சொல்லியிருக்கிறார், குரோய்டனில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்ட பிறகு. அன்று நான் அழுதேன். இந்தமுறை அழமாட்டேன் என்று நினைத்தேன். என்னிடம் படம் இருந்தது.

சேர்விஸ் நடந்த அன்று போனில் நான்கு படம் எடுத்திருந்தேன். ஒன்றில் பழைய ஒயில் கறுப்பாக வடிகிறது. ஒன்றில் புதிய ஃபில்டர், பிடித்திருக்கும் கை. ஒன்றில் ஓடிய மைல் காட்டும் இடம், அதைச் சுட்டும் விரல். நான்காவது படத்துக்கு, இஞ்சை பாருங்கோ அண்ணை என்று நான் கூப்பிட்டேன். அவர் ஃபில்டரோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

“முகம் விழுந்திட்டுது போலை. அழிச்சு விடுங்கோ அண்ணை.”

ஓம் என்றேன். நான் ஒரு துண்டையும் எறியாதவன்.

சாப்பாட்டு மேசையில் இருந்து நான்கையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

“கையள் தெரியிற படத்தை அனுப்புங்கோ. காணும் அது.”

“கை ஆற்றை எண்டு கேப்பாங்கள்.”

“கேக்கட்டும். எஞ்சின் போனாப் போகட்டும்.”

அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான்காவதை இணைத்தேன். இவர்தான் நான் எழுதிய பெயருக்குரியவர், இப்படி ஒருவர் இல்லை என்று இனிச் சொல்லுங்கள் என்று கீழே எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் நெஞ்சுக்குள் ஒரு நிறைவு. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே பதில். மிக்க நன்றி, இது மிகவும் உதவியாக இருக்கும், எங்கள் பிரதிநிதி இந்த வாரம் கராஜுக்கு நேரில் செல்வார்.

நேரில் என்ற சொல்லில் கண் நின்றது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்மூலை அண்ணைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பின்னேரம் மறுபடி எடுத்தேன். ஏதாவது வாகனத்துக்குக் கீழே கிடப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். மூன்றாம் நாள் எடுத்தபோது மணியே அடிக்கவில்லை. பஸ் ஏறினால் வால்தம்ஸ்டோ எட்டாத இடமில்லை. இன்றைக்குப் போவோம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். வேலை, களைப்பு, மழை என்று ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கிடைத்தது. உண்மையில் எனக்குப் பயம். அந்த வாரம் வீட்டில் போன் அடித்தாலும் கதவு அடித்தாலும் மனைவி என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அடுத்த கிழமை ஈமெயில் வந்தது. எல்லாம் உறுதிப்படுத்தப்பட்டது, புதிய எஞ்சின் பொருத்தப்படும், தாமதத்துக்கு வருந்துகிறோம்.

பைக்கை எடுத்த அன்று நேரே வால்தம்ஸ்டோவுக்கு ஓடினேன். வழியில் சுடச்சுட இறைச்சி றோல்ஸ் ஒரு பெட்டி வாங்கினேன், நல்ல சேதிக்குப் போகிறவன் மாதிரி. எஞ்சின் அவ்வளவு அமைதி. விளக்குகளில் நிற்கும்போது குனிந்து குனிந்து கேட்டேன், ஒரு தட்டலும் இல்லை.

பின்மூலையில் ஒரு கார் நின்றது. அவர் துடைக்கிற துணிகள் கழுவிக் காயப்போட்டபடி கம்பியில் தொங்கின. ஸ்பனர்கள் வைக்கும் ஆயுதப் பெட்டி சுவரோடு கிடந்தது. முதலாளி என்னைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் கேட்கமுன்னமே சொல்லத் தொடங்கினார். ஒரு வெள்ளைக்காரன் கையில் ரப்லெட் கணினியோடு வந்தானாம். வந்து ஏதோ ஒரு பெயரை உரத்துக் கூப்பிட்டானாம், எங்களுக்குப் பழக்கமில்லாத பெயர். பிறகு படத்தைக் காட்டி இவர்தானே என்று கேட்டானாம். படத்தில் இருந்தது யாரென்று எல்லாருக்கும் தெரிந்ததால் ஓம் என்றுவிட்டார்களாம். வந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான், வேறொன்றும் கேட்கவில்லை.

“ஆனால் அந்தாள் படத்தை எட்டிப் பாத்திட்டு வெளிறிப் போச்சு அண்ணை. இஞ்சை ஆருக்கு என்ர அப்பான்ர பேர் தெரியும் எண்டு ஒரு கேள்விதான் கேட்டவர். நான் எனக்குத் தெரியாது எண்டன். கொஞ்ச நேரம் யோசிச்சுக்கொண்டு நிண்டவர். பிறகு துணியளைத் தோய்ச்சுக் காயப்போட்டிட்டு வெளிக்கிட்டவர். அறைக்கும் போகேல்லையாம், வேலைக்கும் வரேல்லை.”

றோல்ஸ் பெட்டி என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. யார் கொடுத்திருப்பார்கள் என்று முதலாளி என்னிடமே கேட்டார். பிறகு நெற்றியைத் தடவினார்.

“ஓ, உங்களுக்கு ஒண்டு சொல்லிவிட்டவர். மனோர் பார்க் அண்ணை வந்தால் கேளுங்கோ, எஞ்சின் கிடைச்சுதோ எண்டு.”

எஞ்சின் பிரச்சினை பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. படத்தில் தன் கையில் இருந்த ஃபில்டரைப் பார்த்தே எல்லாவற்றையும் கணக்குப் பிடித்திருக்கிறார்.

“ஓம். கிடைச்சிட்டுது.”

அவர் போன் எடுத்தால் சொல்லுகிறேன் என்றார் முதலாளி. இந்தப் பங்குனியோடு மூன்று வருடமாகிறது, எடுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை.

அன்று பின்னேரம் வீட்டு வாசலில் பைக்கில் இருந்தபடியே நான்காவது படத்தை அழித்தேன். அனுப்பியதை அழிக்க வழியில்லை. அது அவர்களுடைய ஃபைலில் அந்தப் பெயரோடு சேர்த்துக் கிடக்கும். அவர்களும் என்னைப் போல ஒரு துண்டையும் எறியாதவர்கள்.