காகிதத்தில் ஒரு தோட்டாக்கூடு

துபாய்ப் பக்கம் அல் ஐனில், துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் பட்டறையில் எனக்கு டூட்டி. சுட்டுக் காலியான ராணுவத் தோட்டாக்கூடுகளைச் சூடாக்கி, அச்சில் அழுத்தி, கடையில் தோட்டா கிடைக்காத துப்பாக்கிகளின் அளவுக்கு மாற்றுவோம்.

"நீங்க செய்யுறதுல ஒண்ணு கொண்டுவாங்கப்பா" என்றாள் மகள், போனில்.

லீவில் கிளம்பும்போது ஒரு கூட்டைச் சட்டைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். வெறும் பித்தளைதானே என்று நினைத்தேன், மடையன்.

ஏர்போர்ட்டில் பிடித்துவிட்டார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மகளுக்கு என்று அரைகுறை இந்தியில் சொல்லி அழுதேவிட்டேன். பெட்டியைச் சோதித்த அதிகாரி கூட்டைக் காகிதத்தில் படுக்கவைத்து, பேனாவால் சுற்றி வரைந்தார். கூட்டை எடுத்துக்கொண்டு காகிதத்தை நீட்டினார்.

"யல்லா, ஜல்தி!" என்று விமானத்துக்கு விரட்டினார்.

ஊரில் மகள் அந்தக் கோட்டுக்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். அடங்கியது.

அடுத்த லீவில் அதே காகிதத்தை எடுத்துவந்து சுண்டுவிரலை வைத்தாள். விரல் கோட்டைத் தாண்டியிருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் இரண்டு லீவுக்கும் நடுவில் போன மாதங்களை விரல்விட்டு எண்ணினேன்.