நடுக்கதவு

அப்பா கட்டியது ஒரே வீடு. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆன பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பி, கிழக்குப் பாதியை அண்ணனுக்கும் மேற்குப் பாதியை எனக்கும் கொடுத்தார். சுவரில் ஒரு கதவும் வைத்தார். அது அம்மாவுக்காக. அந்தக் கதவை அம்மா தாழ் போட்டு நான் பார்த்ததில்லை. காலையில் என் வீட்டில் காபி, மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அங்கே வைத்த கருவாட்டுக் குழம்பு இங்கே வரும், இங்கே நடந்த சண்டை அங்கே போகும். மருமகள்கள் இரண்டு பேரும் மாமியாரைத் திட்ட முடியாமல் கதவைத் திட்டுவார்கள்.

எங்கள் தெரு அயனம்பாக்கம் ஏரியிலிருந்து கொஞ்ச தூரம். அப்பா காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் ஊற்றி ஊற்றி, இப்போது தெருவிலிருந்து இறங்கி வருகிறோம். வெளியே தூறினாலே வீட்டுக்குள் தவளை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் ஊரைத் தயார் செய்கிறார்களாம். திரையில் பெரிய வரைபடம். தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் சிவப்பு, எங்கள் தெரு நல்ல சிவப்பு. அதன் மேல் நீலமாக ஒரு கோடு ஓடியது, வரப்போகும் மழைநீர்க் கால்வாய். பூமி ஆடினால் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளுங்கள் என்று ஓர் அதிகாரி சொன்னபோது பின்னாலிருந்து ஒருவர், "போன மழையில மேசையே மெதந்துகினு போச்சு சார்" என்றார். மண்டபமே சிரித்தது. நான் அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக எத்தனை மனு கொடுத்திருப்பேன்! அன்று ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன், கையில் பிடித்துப் பார்க்காத எதையும் நம்பமாட்டான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களைக் கூட்டிவந்தான். மேஸ்திரி சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஊடு சார். தூக்குனா ரெண்டயும் தூக்கணும். இல்லாங்காட்டி நடுவுல அறுக்கணும்" என்றார்.

"நான் தூக்கமாட்டேன். ஆளாளுக்கு ஊட்டத் தூக்கிகினா தண்ணி எங்க போவும்? பக்கத்து ஊட்டுக்குத்தான். கால்வா வந்தா எல்லாருக்கும் வடியும்ணா" என்றேன்.

"மேப்புல தண்ணி ஓடாதுடா. அம்மாவுக்கு வயசாவுது. எனக்கு இந்த மழைக்கே ஊடு வேணும்."

இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அதுதான் கொடுமை.

அறுத்தார்கள். கூரையிலிருந்து அஸ்திவாரம் வரைக்கும் மெஷின் அலறியது. நடுச்சுவர் அண்ணன் பக்கம் போயிற்று, எனக்கு ஒட்டினாற்போல் புதுச்சுவர். அம்மா எங்கள் சண்டையில் யார் பக்கமும் பேசவில்லை. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது மட்டும் என்னிடம் வந்து, "கதவுக்கு நேரா வழி உட்டுக் கட்டுடா" என்றாள்.

பூசணிக்காய் உடைத்து, ஜாக்கிகளுக்குக் கற்பூரம் காட்டி, அண்ணன் வீடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிற்று. வேலை முடிந்தபோது நடுக்கதவின் நிலைப்படி என் மார்பு உயரத்தில் இருந்தது. கீழே மரப்படி ஒன்று செய்து வைத்தேன். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினாள், இறங்கினாள், குழம்பும் கொண்டுவந்தாள். முடியாதபோது மேலே நிலைப்படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து என் வீட்டுச் சமையலுக்கு யோசனை சொன்னாள்.

கால்வாய்க்கு முந்தி மழை வந்துவிட்டது. விடிந்தபோது என் கட்டிலுக்கு அடியில் தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அம்மா அன்று என் பக்கம்தான் இருந்தாள். மரப்படி மிதந்து சமையலறை மூலைக்குப் போய்விட்டது. அண்ணன் மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

"நான் இங்கியே கீறேன் நைனா. அவன் மேல கீறான், பொழச்சிக்குவான். உன்ன உட்டுட்டு நான் இன்னாத்துக்கு மேல போறேன்?"

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். அழுதாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் காலைத் தாங்கினேன், அண்ணன் மேலிருந்து அக்குளில் கைகொடுத்து வாங்கினான். "பாத்துடா, பாத்து" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

என் மனைவியையும் பிள்ளைகளையும் பட்டாபிராமில் மாமியார் வீட்டில் விட்டேன். தண்ணீர் வடிந்தது. ஓதம் வடியவில்லை. தரையில் கால் வைத்தால் சில்லென்று ஒட்டும், சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. அம்மாவுக்கு அன்று பிடித்த சளி நெஞ்சில் தங்கிவிட்டது. ஈரத்தில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் அவள் கட்டிலை நடுக்கதவுக்குப் பக்கத்திலேயே போட்டான். என் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்டாலே குரல் வரும்.

"தரை காஞ்சிச்சாடா?"

"இன்னும் இல்லம்மா."

"காஞ்சதும் எறக்கி உடுறா."

"சரிம்மா."

ஃபேன் போட்டேன், வாடகைக்கு ஹீட்டர் எடுத்து வைத்தேன், வெயில் அடிக்கும்போதெல்லாம் கதவு ஜன்னலைத் திறந்துபோட்டேன். காய்ந்தது போலத் தெரியும். மறுபடி ஒரு மழை பெய்யும்.

அந்தச் சமயத்தில்தான் கால்வாய் வந்தது. தெருவைத் தோண்டிக் கான்கிரீட் போட்டார்கள். நான் ஓடிப்போய் எஞ்சினியருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் என் வாசலில் அளவு பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தெருத் தண்ணி இனிமே நிக்காது சார். ஆனா உங்க தரை, கால்வாயோட அடிமட்டத்தை விடக் கீழ இருக்கு. உங்க வீட்டுக்குள்ள வர்ற தண்ணி இதுல ஏறாது." நீலக் கோடு என் வாசலில்தான் ஓடியது, என் தலைக்கு மேலே. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

தை பிறந்து நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் அம்மா போய்விட்டாள். குரல் வராததைக் கேட்டுத்தான் நான் மேலே போனேன்.

குளிப்பாட்டி முடித்தார்கள். வாசலில் பாடை தயாராக இருந்தது, அண்ணனின் புதுப் படிகள் வழியாக இறக்குவதாகப் பேச்சு. அண்ணன் எழுந்து நடுக்கதவைத் திறந்தான்.

"இப்டி எடுத்துகினு போலாம்" என்றான்.

"ஜன்னல்ல எறக்கற மாதிரி பொணத்த எறக்குவாங்களா? இன்னா பழக்கம்டா இது?" என்று அத்தை கத்தினாள்.

"அது அவங்க வழி அத்தே."

நான் என் பக்கம் போய் நின்றேன். அண்ணன் மேலே மண்டியிட்டு அக்குளில் கைகொடுத்து மெல்ல நகர்த்தினான். நான் கீழே நின்று காலை வாங்கினேன். மழையன்று இருந்ததைவிட ரொம்ப லேசாக இருந்தாள். இந்தத் தடவை எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

அண்ணன் அவளை விடாமல் அப்படியே மண்டியிட்டிருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"தரை காஞ்சிச்சாடா?" என்றான்.

"காஞ்சிச்சுண்ணா" என்றேன்.