சதுக்கத்தில் யாரும் சாகவில்லை என்று சொன்ன அப்பா

எங்கள் அப்பா கடப்பாக்கத்தில், சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தார். பத்தாவது முடித்ததே அந்த வீட்டில் பெரிய காரியம். சீனாவில் உழுதவனுக்கே நிலம் கிடைத்தது என்று ஒரு சிறு வெளியீட்டில் படித்தவர், அந்த வாரமே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டார். அதன்பின் சீனாவை யாராவது குறை சொன்னால், பெற்ற தாயைச் சொன்னதுபோல் அவருக்குக் கோபம் வரும்.

செங்கல்பட்டுப் பேருந்து நிலையம் அருகே அப்பா மைக் பிடித்தால் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். மாவட்டம் முழுக்கக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். அம்மா தையல் மெஷினை மிதித்து எங்களை வளர்த்தார், அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1989-இல் பெய்ஜிங் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுக் கூடிய மாணவர்களைச் சுட்ட செய்தி வந்தபோது, கட்சி கொடுத்த தாளைப் பார்த்து, "அங்கே ஒருவரும் சாகவில்லை தோழர்களே" என்று அப்பா முழங்கினார். கல்பாக்கத்தில் வேலை பார்த்த எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். "இன்னா மச்சான், போட்டோவே வந்துகீது" என்றார். அடுத்த கூட்டத்தில் அப்பா, "என் வீட்டிலேயே ஒரு கைக்கூலி இருக்கிறான்" என்று மாமாவின் பெயரைச் சொன்னார். மாமா வருவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கிட்டத்தட்டப் பத்து வருடம் கழித்து, மாமல்லபுரம் கடற்கரையில், சுற்றுலா வந்த ஒரு சீன அம்மையாரைப் பார்த்தோம். அப்பா அதுவரை ஒரு சீனரையும் நேரில் கண்டதில்லை. கைகூப்பிக்கொண்டு ஓடினார், எனக்கு வெட்கமாக இருந்தது. "இருவது வருசமா உங்க நாட்டப் பத்திதான் பேசிக்கினு கீறேன்னு சொல்லும்மா" என்றார். என் கல்லூரி ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்டார். அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார், சதுக்கத்தையும் விடவில்லை. அந்த அம்மையார், "என் தம்பி அன்று அங்கே போனான். வீடு திரும்பவில்லை" என்றார். அதை அப்பாவிடம் தமிழில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில், அதே பேருந்து நிலையம் அருகே, "இங்க நின்னு நான் ஒரு பொய் சொன்னேன். அங்க செத்தாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா மைக்கைக் கீழே வைத்தார். கட்சி அவரை நீக்கியது. தெருவில் பார்த்த தோழர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பா நேராக மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். "இன்னா மச்சான், மைக் இல்லாம வந்துகீற" என்றார் மாமா. இருவரும் அழுதார்கள். அன்று மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா குழம்பில் உப்புப் போட மறந்திருந்தார், ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு அப்பா கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்தார். அங்கே அதிகம் பேசாதவர் என்று பெயர் வாங்கினார் என்றால் பழைய ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

கடைசி நாட்களில், மருத்துவமனையில் படுத்திருந்தபோது, "எனக்கு நினைவு மலர் போட்டா அந்தப் பொய்யயும் போடும்மா" என்றார். மாமாவுக்கு மனமில்லை. "நல்லதா நாலு வார்த்த எழுது, அது இன்னாத்துக்கு" என்றார். அப்பா கேட்டதை எழுதியிருக்கிறேன். அந்தப் பொய்யோடும் அதைத் திருத்திய வாயோடும்தான் அவர் எங்களுக்கு அப்பா.

முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கோபத்தை மறந்து மாலையோடு வந்த தோழர்களுக்கும், எல்லாவற்றுக்கும் ஓடிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமல்லபுரத்தில் பார்த்த அந்த அம்மையாருக்கும்தான். அவருடைய தம்பியின் பெயரை அன்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அப்பாவின் படத்துக்குக் கீழே அந்தப் பெயரையும் அச்சிட்டிருப்போம்.