ஐந்து பேர் சுட்ட வாத்து

டிராக்டர் டயரே முங்கும் அளவுக்குப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் செலாமி உஸ்தா இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு தேநீர் குடிக்கிறார். டிசம்பர் மாதம். காலையில் தொட்டியிலிருந்து உடைத்தெடுத்த பனிப்பாளம் இன்னும் கரையாமல் பக்கத்தில் கிடக்கிறது. அவர் மாட்டியிருப்பது வேறு யாருடையதோ ஒரு ரப்பர் கால்சட்டை. வேட்டைக்காரர்கள் ஏரியில் இறங்கும்போது போட்டுக்கொள்வது, மார்பு வரை வரும். முழங்காலுக்குப் பின்னால் ஒட்டுப் போட்டிருக்கிறார். ஒட்டு நிற்குமா நிற்காதா என்பது ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"ஒழுகி அவன் கால் நனைஞ்சா ஊரெல்லாம் என்னைத் திட்டுவான். என் கால் நனைஞ்சா நானே திட்டிக்குவேன். விஷயம் வெளிய போகாது" என்பார்.

எங்கள் ஏரிக்கரை ஊரான காராசாஸின் கடைவீதியில் இட்ரிஸின் தேநீர்க்கடைக்கு அடுத்தது இவருடைய பஞ்சர் கடை. கைத்தொழில் தெரிந்தவரை இங்கே உஸ்தா என்பார்கள். குள்ளமான, உருண்டையான மனிதர். மீசையின் இடது நுனியில் எப்போதும் ரப்பர் பசை காய்ந்திருக்கும். வலது நுனியில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. புதன், சனி, ஞாயிறு காலைகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு என்பதால் அந்த நாள்களில் கடை மதியம்தான் திறக்கும். பலகை எதுவும் மாட்டுவதில்லை. இந்த ஊரில் அந்தக் காலைகளில் டயர் வெடித்தவர்கள் தேநீர்க்கடையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

வாத்துகளை அழைக்க மற்றவர்கள் மரத்தால் செய்த ஊதல் வைத்திருக்கிறார்கள். உஸ்தாவுக்கு வாய் போதும். டியூபுக்குக் காற்றடிக்கும்போதும் வாத்துக் குரல் கொடுப்பார். மாடியிலிருந்து மனைவி மெவ்லுதே சாப்பிடக் கூப்பிட்டால் அதற்கும் அதே குரலில்தான் பதில் வரும். இருபத்தேழு வருடமாக அந்தம்மாள் ஒரே விஷயத்தைச் சொல்லிப் பார்க்கிறார்: ஆண் வாத்து இப்படிக் கத்தாது, நீங்கள் கத்துவது பொட்டை வாத்தின் குரல். அது உண்மைதான். உஸ்தாவுக்கும் தெரியும். "பொட்டை கூப்பிட்டாத்தானே ஆம்பள வருவான். நான் ஆம்பளயக் கூப்பிட்டு என்ன செய்ய?" என்பது அவர் பதில்.

தோட்டாவுக்குக் குண்டு அடைப்பதைப் போலவே, தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளையும் அவரே செய்துகொள்கிறார். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, மேலே டியூப் ரப்பரில் வெட்டிய தலை. ஆண் வாத்தின் தலை பச்சை என்பதால் தலைக்குப் பச்சை அடிக்க வேண்டும். கடையில் மினிபஸ்ஸுக்கு அடித்து மீந்த நீலம் இருந்தது, நீலம் அடித்தார். ஏரியில் வேறெங்கும் இல்லாத நீலத்தலை வாத்துகள் அவர் ஒளிந்து உட்காரும் நாணல் மறைப்புக்கு முன்னால் மட்டும் மிதக்கும். பறந்து வருபவை ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, பெரும்பாலும் இறங்கத்தான் செய்கின்றன.

ஏரி அரசாங்கத்துடையது. நாணல் யாருடையதும் இல்லை. இருட்டில் முதலில் வந்து படகைச் செருகியவருக்கு அன்றைக்கு அந்த இடம். அடுத்து வருபவர் "எதிர்ப்படட்டும்" என்று வாழ்த்திவிட்டுத் தள்ளிப் போய்விடுவார். பறவைகள் விஷயத்திலும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே வாத்தைப் பார்த்து இரண்டு துப்பாக்கிகள் வெடித்து, இருவரும் அது என்னுடையது என்றால், அது இருவருக்கும் கிடையாது. இட்ரிஸின் அடுப்புக்குப் போய்விடும். உரிமை கேட்டவர்கள் உட்கார்ந்து இறகு பிடுங்க வேண்டும். அன்று மாலை கடையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி உண்டு.

இந்த வழக்கத்தின் காவலர் செலாமி உஸ்தா. பக்கத்து மறைப்பில் யாராவது சுட்டு வாத்து விழுந்தால், இவருடைய துப்பாக்கியும் வெடிக்கும். அவ்வளவு தூரத்துக்கு இவர் குண்டு போய்ச் சேராது என்பது இவருக்கும் தெரியும், சுட்டவருக்கும் தெரியும், வாத்துக்கும் தெரிந்திருக்கும். "ரெண்டு சத்தம் கேட்டுச்சு" என்பார், மிகவும் பணிவாக. இதை எல்லாரிடமும் செய்யமாட்டார். குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கொண்டுபோகிறவர்களை விட்டுவிடுவார். வண்டி நிறைய அள்ளிக்கொண்டு போய் ஐஸ் பெட்டியில் அடுக்குகிறவர்களிடம்தான் அவருடைய பணிவெல்லாம்.

அப்படி அதிகம் பணிவு காட்டப்பட்டவர் மருந்துக்கடை தய்ஃபுன். மூன்று வருடம் முன்பு இந்த ஊருக்கு வந்தவர். விலையுயர்ந்த துப்பாக்கி, நாணல் நிறத்தில் தொப்பி முதல் காலணி வரை, கடையில் வாங்கிய முப்பது பொம்மை வாத்துகள். நன்றாகச் சுடுவார்; அதை நான் மறுக்கமாட்டேன். சென்ற வேட்டைப் பருவத்தில் அவர் சுட்டதில் பாதிக்குமேல் எங்கள் வயிற்றுக்குள் போயிற்று. இறகு பிடுங்கிப் பிடுங்கி அவருக்கு அதில் ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது.

இப்படி இருக்கையில் உஸ்தா தன் மகள் செவ்ஜானுக்கு மாப்பிள்ளை நிச்சயம் செய்தார். சம்பந்தி ருஸ்தெம், ஏரி, கடல் எதுவும் இல்லாத நகரம் ஒன்றில் மாவு ஆலைக் கணக்கர். ஏரியைப் பார்த்தவர் இல்லை, காட்டு வாத்து தின்றவரும் இல்லை. நிச்சயத்தன்று காப்பி குடிக்கும்போது உஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் விருந்துக்கு வாருங்கள், என் கையால் சுட்ட பச்சைத்தலை வாத்து உங்கள் தட்டில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்து வந்த வேட்டை நாள் எல்லாம் போனார். ஒரு பச்சைத்தலைகூட எதிர்ப்படவில்லை. விருந்து ஞாயிறு மாலை. சனிக்கிழமையும் வெறுங்கையோடு வந்தபோது மெவ்லுதே சொன்னதைக் கீழே கடையிலிருந்த நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"நாளைக்கும் வரலேன்னா தலையில பச்சை பெயிண்ட் அடிச்சுக்கிட்டு நீங்களே தட்டுல ஏறி உக்காந்துக்குங்க. சம்பந்தி வீட்டம்மா முன்னாடி நான் கோழிய வச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

ஞாயிறு காலை அவர் படகில் நானும் இருந்தேன். ஏரியின் நீர்மட்டம் பார்த்துக் குறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை எல்லாரும் அளவுக்காரர் என்பார்கள். முழங்கால் வலியால் சுடுவதை விட்டுவிட்டேன். படகு பிடிக்க மட்டும் போவேன். எங்களுக்கு இடதுபுறம் தய்ஃபுன். வலதுபுறமும் எதிர்க்கரையிலுமாக மூன்று பேர். உஸ்தா அன்று யாருடனும் பேச்சுக் கொடுக்கவில்லை. மூடுபனி விலகியதும் தய்ஃபுன் இரண்டு கிளுவைகளை, அந்தச் சின்ன வாத்துகளை, அடுத்தடுத்து வீழ்த்தினார். உஸ்தாவின் துப்பாக்கி மடியிலேயே கிடந்தது. அவர் ஒரு தோட்டாவைக்கூட வீணாக்காமல் இருந்ததை ஏரியில் உள்ளவர்கள் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு ஒற்றைப் பச்சைத்தலை வந்தது. தய்ஃபுனின் முப்பது பொம்மைகளுக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. உஸ்தா உள்ளங்கையை வாயருகே குவித்து, மனைவிக்குப் பதில் சொல்கிற அதே குரலில், ஆனால் மிக மெதுவாக, இரண்டு முறை அழைத்தார். அது திரும்பியது. நீலத்தலைகளைப் பார்த்தது. சிறகை விரித்துப் பிடித்துக் கால்களை நீட்டியது. பிஸ்மில்லா என்று உதட்டுக்குள் சொல்லி ஒரே ஒரு முறை சுட்டார். வாத்து எங்கள் படகிலிருந்து பத்து எட்டுத் தூரத்தில் விழுந்தது. விழுந்து, அலை அடங்கி, அவர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியபோது தய்ஃபுனின் துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்தது. அடுத்து வலதுபுறம் ஒன்று. அடுத்து எதிர்க்கரையில் இரண்டு.

தண்ணீர் மேல் சிரிப்பு நன்றாகக் கேட்கும்.

"உஸ்தா, அது என்னோடது" என்று தய்ஃபுன் மறைப்பிலிருந்து தலையை நீட்டினார். குரலில் அத்தனை பணிவு. மற்ற மூவரும் தங்களுடையது என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் முறை. "அவங்க சத்தமெல்லாம் வாத்து விழுந்த பின்னாடிதான் கேட்டுச்சு. நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

உஸ்தா வாத்தை எடுத்து, அதன் தலையை உள்ளங்கையில் தாங்கி, அந்தப் பச்சையைச் சிறிது நேரம் பார்த்தார்.

"அளவுக்காரரே, மருந்துக்கடைக்காரர் வாத்துக்கெல்லாம் நான் எப்பச் சுட்டேன்னு நினைக்கிறீங்க?"

கரைக்கு வந்ததும் தய்ஃபுனுக்கு முகம் சரியாக இல்லை. மாலை விருந்து அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் யாருக்குத்தான் தெரியாது. விளையாட்டுக்குச் செய்தோம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மற்றவர்களும் வற்புறுத்தினார்கள். உஸ்தா மறுத்துவிட்டார். கேட்டது கேட்டதுதான், இன்றைக்கு இதைத் திருப்பி வாங்கினால் அடுத்த புதன்கிழமை எந்த முகத்தோடு உங்களிடம் கேட்பது என்றார். அது அவருக்கு உண்மையாகவே பெரிய கவலையாக இருந்தது.

ஐந்து பேரும் தேநீர்க்கடை வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒரே வாத்தின் இறகைப் பிடுங்கினார்கள். கை வைக்க இடம் இல்லை. தய்ஃபுன் தன் கிளுவைகளையும் யாரும் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைச் சொல்ல உஸ்தா மாடிக்குப் போனார். போன வேகத்திலேயே இறங்கி வந்தார். மெவ்லுதே என்ன சொன்னார் என்று இட்ரிஸ் கேட்டதற்கு, "யோசிக்கறா. அது திட்டறத விட மோசம்" என்றார்.

மெவ்லுதே யோசித்து முடித்தது மாலை ஐந்து மணிக்கு. தேநீர்க்கடைக் கதவு திறந்தது. முன்னால் அவர், கையில் பெரிய தட்டு நிறைய உடைத்த கோதுமைச் சோறு. பின்னால் செவ்ஜான், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, கடைசியாக ருஸ்தெம். நான் அறிந்தவரை அந்தக் கடைக்குள் பெண்கள் சாப்பிட வந்தது அன்றுதான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை மடியில் மறைத்தார்கள். இட்ரிஸ் ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தார்.

"வாத்து வீட்டுக்கு வராதாம். நாங்க வந்துட்டோம்" என்றார் மெவ்லுதே.

சட்டி திறந்தது. ஊரின் பாதி அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. சம்பந்தியம்மாள் இரண்டாவது கரண்டி கேட்டபோது மெவ்லுதே நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ருஸ்தெம் கணக்கர், மென்றபடியே கேட்டார்.

"இது நீங்க சுட்டதுதானே சம்பந்தி? சொன்னீங்களே."

தய்ஃபுன் உஸ்தாவைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"அஞ்சு பேர் சுட்டோம்" என்றார் உஸ்தா.

ருஸ்தெம் தலையை ஆட்டினார். ஏமாற்றமா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்த கவளத்தில் அவர் பல்லில் ஏதோ நறுக்கென்றது. வாயிலிருந்து எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். ஈயக்குண்டு. முழு மிளகின் அளவு இருந்தது. எங்கள் ஏரியில் அந்தப் பருமனில் குண்டு போடுகிறவர் ஒருவர்தான். தோட்டாவைக் கடையில் வாங்காமல் தானே அடைத்துக்கொள்கிறவர். மேசையைச் சுற்றியிருந்த வேட்டைக்காரர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள். தய்ஃபுன் அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

உஸ்தா எழுந்து, சம்பந்தியின் தட்டருகே சிந்தியிருந்த ரொட்டித் துகள்களோடு சேர்த்து அந்தக் குண்டையும் உள்ளங்கைக்குள் வழித்தார். அடுப்பின் இரும்பு மூடியைத் தூக்கி எல்லாவற்றையும் உள்ளே போட்டு, மூடினார்.