வீட்டுக்கு மிஞ்சாத சிரிப்பு

சிங்கதோகா பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் லிடியானாவுக்கு வேலை. வருகிறவர்களுக்குப் பூமாலை போட்டு, "புலா" என்று அந்த ஊர் வணக்கத்தைப் பாடி வரவேற்க வேண்டும். பொழுது சாயும்வரை முகம் மலர்ந்தே இருக்க வேண்டும். தாயைப் புதைத்த மறுநாளும் அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். விடுப்புக் கேட்டதற்கு மேற்பார்வையாளர் ஹாலரன், "வீட்டுத் துக்கத்தை வாசல்லயே விட்டுட்டு வரணும்" என்றார். வேலையின் அலுப்பையும் அதே வாசலில் விட்டுப் போக முடியுமா என்று அவரிடம் கேட்க ஆளில்லை.

வீடு சேரும்போது முகம் மரத்துப்போயிருக்கும். மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். கணவன் அபெனிசா அதே விடுதிக்குப் பேருந்து ஓட்டினான். விமானம் தாமதமானாலும், பெட்டி நனைந்தாலும் திட்டு அவனுக்குத்தான். "சரி சார்" என்று விழுங்கியதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் வெளியே வரும். கிழங்கில் உப்பு குறைந்தாலும் கத்துவான், பிள்ளை அழுதாலும் கத்துவான்.

நாத்தனார் மெரெசேனி வேறு. "வெள்ளைக்காரனப் பாத்தா அண்ணிக்குப் பல்லு மொத்தமும் தெரியுது. எங்கண்ணனப் பாத்தா எலுமிச்சங்காயைக் கடிச்ச மூஞ்சி."

"அங்க சிரிச்சாதான் இங்க அடுப்பு எரியுது. நீ ஒருநாள் வந்து நின்னு சிரிச்சுப் பாரு."

மனைவிமார் இன்முகம் காட்ட வேண்டும் என்று போதகர் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமை லிடியானா தேவாலயத்திலேயே இல்லை. யாருடைய கல்யாணத்துக்கோ விடுதியில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓய்வு செவ்வாய், அவனுக்கு வெள்ளி. வெவ்வேறு நாட்களில் ஓய்வு கொடுத்துவிட்டு அந்த வீட்டில் சிரிப்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஒரு மழைநாளில் அபெனிசா பயணிகளோடு வந்து விடுதி வாசலில் பேருந்தை நிறுத்தினான். லிடியானாவுக்குக் காய்ச்சல். மாலையோடு நின்றவளிடம் ஹாலரன், "இது சிரிப்பா? மறுபடி பாடு" என்றார். பாடினாள். "இன்னொரு தடவை."

அபெனிசா இறங்கி வந்தான். "அவளுக்கு உடம்பு சரியில்ல சார். போதும்."

"நீ யாரு சொல்ல?"

"அவ புருஷன்."

"புருஷன் பொண்டாட்டி சமாச்சாரமெல்லாம் வீட்டுல வெச்சுக்க."

"எங்க ரெண்டு பேரையும் ஒருநாளாவது ஒண்ணா வீட்டுல இருக்க விட்டீங்களா சார்?"

அன்று மாலை, தான் செய்தது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி அவன் வீட்டுக்கு வந்தான். அவளோ கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எனக்காகப் பேசின, சந்தோஷம். இங்க நீ கத்துறப்போ உனக்கும் அந்த ஹாலரனுக்கும் என்ன வித்தியாசம்?"

"அங்க வாங்குறத நான் எங்கதான் கொட்டுறது?"

"எம்மேலயா? அப்போ நான் வாங்குறத எங்க கொட்டுறது?"



விடுதியில் அவர்களைப் போல இன்னும் சில தம்பதிகள் இருந்தார்கள். அடுத்த வாரம் லிடியானா அவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பொது மேலாளரிடம் போனாள். கணவன் மனைவிக்கு ஒரே நாளில் ஓய்வு வேண்டும், அவ்வளவுதான். யோசிப்பதாகச் சொன்னவர், குடும்ப மகிழ்ச்சி பற்றி ஒரு சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்தார். கட்டாயம் வர வேண்டுமாம், அதுவும் வேலை முடிந்த பிறகு.

ஒருவரும் போகவில்லை. பேச வந்தவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மேலாளருக்கு அவமானமாகிவிட்டது, இறங்கி வந்தார். தம்பதிகள் எல்லோருக்கும் பொதுவாகச் செவ்வாய் கிடைத்தது. ஆனால் அபெனிசாவைப் பேருந்திலிருந்து எடுத்துக் குப்பை வண்டிக்கு மாற்றினார்கள். எதிர்த்துப் பேசியதற்கு அது கூலி.

முதல் செவ்வாய்க்கிழமை லிடியானா வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் என்ன தூக்கம்?" என்று மெரெசேனி வாசலில் நின்று ஆரம்பித்தாள்.

"தூங்கட்டும் விடு. வந்ததே வந்த, தேங்காயைத் துருவு" என்றான் அபெனிசா, கிழங்கை உரித்தபடி.