வழியனுப்பிய பிறகு

2023 அக்டோபர் முதல் வாரத்தில் அந்தச் சிறுமிக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். மைசூர் விஜயநகரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். ஏழு வயது. தமிழக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளை, தமிழ்தான் பேசுவாள். அவளைத் தத்தெடுக்கவிருந்த இஸ்ரேல் தம்பதி ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவார்கள். அவர்களின் ஆங்கிலத்தை அவளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை.

தத்து உத்தரவில் டி.சி.யின், அதாவது மாவட்ட ஆட்சியரின், கையெழுத்து இன்னும் வரவில்லை. ஆனால் நன்கொடையாளர் ஒருவர் பிறந்தநாள் சாப்பாடு போட்டார். கூட்டம் இருக்கிறதே என்று அன்றைக்கே விழாவையும் முடித்துவிட்டார்கள். போகிற பிள்ளை தன் சாமான்களை இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். கட்டில், போர்வை, தட்டு, சிவப்பு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கொடுத்தாள். கை தட்டினோம்.

அந்தச் சனிக்கிழமை இஸ்ரேலில் போர் தொடங்கியது. அந்தத் தம்பதியில் கணவரை ராணுவத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

கொடுத்ததை யாரும் திருப்பித் தரவில்லை. அவள் பாயில் படுத்தாள். போகிற பிள்ளைதானே என்று அந்த ஜூனிலேயே பள்ளியிலும் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். "ஏ ஃபாரின், இன்னூ ஹோகில்லவா?" என்று மற்ற பிள்ளைகள் சீண்டுவார்கள். இன்னும் போகலையா என்ற அந்தக் கன்னடம் மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

மறு ஆண்டு மார்ச்சில் ஒரு ஞாயிறு, திரையில் மனைவி மட்டும் இருந்தார். கணவர் உயிரோடு திரும்பிவிட்டார், ஆனால் கதவு சாத்தும் சத்தத்துக்கே அலறுகிறார், இனி ஒரு குழந்தையை வளர்க்க எங்களால் ஆகாது என்றார்.

"அவங்க வீட்ல கஷ்டமாம். அந்தப்பா சண்டைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து சத்தம் கேட்டாலே கத்துறாராம். இப்போ கூட்டிட்டுப் போக முடியாதாம்," என்றேன்.

"அந்தப்பா கத்துனா நா பயப்பட மாட்டன்னு சொல்லுங்க ஆண்ட்டி. குண்டு போட்டா கட்டிலுக்கு அடில போயி சும்மா படுத்துக்குவன்."

சொன்னேன். அந்தப் பெண் கேமராவை அணைத்துவிட்டார்.

வார்டன் அம்மாவுக்குத் தமிழ் தெரியும். "'இப்போ'ன்னு எதுக்கு மேடம் இழுக்கறீங்க? வரவே மாட்டாங்கன்னு நேராச் சொல்லிடுங்க. இன்னிக்கே அழுது முடிக்கட்டும். நாளைக்குப் புதுசா போட்டோ எடுத்து அனுப்பணும். கண்ணு வீங்கியிருந்தா வேற யாரு தத்தெடுப்பாங்க?"

மறுநாள் சுவரோரம் நிற்கவைத்து வார்டனே போனில் படம் எடுத்தார். சிரிக்கச் சொல்லி அவளுக்குத் தமிழில் சொன்னது நான்தான். சிரித்தாள்.