ஏழு நொடிக்கு ஒரு வெட்டு

நேற்று பஸ் டிக்கெட் எடுக்கப் போனால், நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி ஃபோன் ஒன்பது கட்டங்களைக் காட்டியது. சிக்னல் கம்பம் உள்ளவற்றைத் தொட வேண்டுமாம். நான்கா, ஐந்தா? மூன்று முறை தோற்றேன். ஒரு காலத்தில் நானே அடுத்தவர்களை இப்படிச் சோதித்தவன் என்றால் நம்புவீர்களா?

வேங்கிக்கால் ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற புதிது. செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் ஜன்னலோரத்து மூன்றாவது கம்ப்யூட்டர் என்னுடையது. பக்கத்துக் கடைக் காப்பியும், ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களின் ஊதுபத்தியும் கலந்து மணக்கும். இன்றும் ஊதுபத்தி ஏற்றினால் எனக்குப் பக்தி வருவதில்லை, அங்கே ஆடிய கம்ப்யூட்டர் விளையாட்டுதான் நினைவுக்கு வருகிறது. கல் வெட்டி, தங்கக்காசு சேர்த்து, வீடு கட்ட வேண்டும். பல ஊர்க்காரர்கள் ஒன்றாக ஆடுவார்கள். சிலர் தானாகவே ஆடும் புரோகிராம்களை ஏவி, காசை அள்ளி, நிஜ ரூபாய்க்கு விற்றார்கள். விலை ஏறிப்போய், நேர்மையாக ஆடியவனால் ஒரு கதவுகூட வாங்க முடியவில்லை. அவர்களைப் பிடிக்கக் கம்பெனி சம்பளமில்லாக் காவலர்களை வைத்தது. நொடி எண்ணுகிற வேலை என்றார்கள்; நான் விடுவேனா?

மனிதன் நடுவில் மூக்கைச் சொறிவான், டீ குடிப்பான். 'மல்லி' என்ற பெயரில் ஆடியதோ ஏழு நொடிக்கு ஒரு வெட்டு, நாற்பது நிமிடம் பிசகவில்லை. "சாப்டீங்களா?" என்று தட்டினேன். காவலர்கள் வழக்கமாகக் கேட்பது அதுதான். இயந்திரம் பதில் சொல்லாது. மூன்று முறை கேட்டேன். மௌனம். புகார் எழுதினேன், மல்லியின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் சென்டர்க்காரர் பாஸ்கரிடம் ஒரு பெண் கலங்கி நின்றாள். கீழ்பென்னாத்தூர், தையல் கம்பெனியில் வேலை.

"ரெண்டு வருஷமா கட்ன வூடுங்க. மெஷின்னு பூட்டிட்டாங்க."

"மூணு வாட்டி கேட்டேனேம்மா" என்றேன், சன்னமாக.

"நீங்களா சார் அது? முன்ன பின்ன தெரியாத ஆம்பள சாப்டியா சாப்டியானு கேட்டா எவ சார் பதில் சொல்லுவா?"

"நாலாவது வாட்டி கேட்டிருந்தா செருப்பு வந்திருக்கும் சார்" என்றார் பாஸ்கர்.

"அந்த ஏழு நொடி?" என்று அவளைக் கேட்டேன்.

"காலர் தைக்கிற கை சார். அதுக்குன்னு ஒரு வேகம் இருக்கு."

கம்பெனிக்கு நான்கு பக்கம் மன்னிப்பு எழுதி அனுப்பினேன். "வூட்ட இடிச்சிருப்பாங்களா சார்?" என்று தினமும் பாஸ்கர் ஃபோனுக்கு அழைத்துக் கேட்பாள். ஒன்பதாம் நாள் திறந்தார்கள். அவள் வீட்டின் பன்னிரண்டு ஜன்னலும் அப்படியே இருந்தன.

நன்றி சொல்ல, விளையாட்டுக்குள் என் வாசலுக்கு ஒரு ரோஜாத் தொட்டியோடு வந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி அவள் குரல் கேட்டது: "குடுக்க முடியாதுனு வருது சார்."

காசு விற்பவர்களை ஒழிக்க, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எதுவுமே மாறக் கூடாது என்று அந்த வாரம்தான் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த யோசனையை எழுதி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். தொட்டியைக் கீழே வைத்தாள். என்னால் எடுக்க முடியவில்லை. முப்பது எண்ணுவதற்குள் மறைந்தது.

விற்றவர்கள் இரண்டே மாதத்தில் ஒழிந்தார்கள். புதிதாக வந்தவனுக்குக் கோடரி கொடுத்தவர்களும், பக்கத்து வீட்டு வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனவர்களும் அதற்கடுத்த மாதம். கடைசியாக நான் நுழைந்தபோது எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள், ஒரு கள்ளன் இல்லை, ஒரு ஆளும் இல்லை.